காப்பிச் செடியின் உடற்கூறு: மலைத்தோட்ட உழவர் அறிய வேண்டிய சொற்கள்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் காப்பி காலூன்றி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை அறிமுகப்படுத்தினார். இன்று பெருந்தோட்டங்கள் மட்டுமின்றி, நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை போன்ற ஊர்களில் ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு உழவர்களும் சில்வர் ஓக் மரநிழலில் காப்பியும், அம்மரத்தின்மேல் மிளகும் பயிரிட்டு வருகின்றனர்.

அராபிகா காப்பி நட்ட மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகே காய்ப்புக்கு வருகிறது. 6 அடிக்கு 6 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,210 செடிகள் நிற்கும். அவற்றில் ஐம்பது செடிகள் தண்டு துளைப்பானால் பட்டுப்போனால், இழப்பு அந்த ஆண்டு விளைச்சலோடு நிற்பதில்லை. அந்த இடத்தில் புதுக்கன்று நட்டு, அது காய்க்கும் வரையிலான வருமானமும் போய்விடுகிறது.

"மருந்து அடித்தும் கேட்கவில்லை" என்று உழவர்கள் பலர் கூறுவதுண்டு. பல நேரங்களில் குறை மருந்தில் இல்லை. அடித்த இடத்திலும் காலத்திலும் இருக்கிறது. பூச்சியும் பூசணமும் செடியின் எந்த உறுப்பில், எந்த அடுக்கில் நுழைகின்றன என்பது தெரிந்தால், எங்கே எப்போது தடுக்க வேண்டும் என்பது தானே விளங்கும். இதற்குச் செடியின் உடலமைப்பைப் பற்றிய சில சொற்கள் தெரிந்திருந்தால் போதும். இவை உங்கள் பிள்ளைகளின் உயிரியல் பாடப் புத்தகத்தில் உள்ள சொற்களே. அவற்றைத் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

செல் என்பது என்ன?

நம் ஊர் வழக்கில் செல் என்றால் கரையான். இங்கே நாம் சொல்லும் செல் வேறு. செங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்புவதுபோல, எல்லா உயிர்களின் உடலும் மிகச் சிறிய அறைகளால் கட்டப்பட்டுள்ளது. அந்த ஓர் அறைதான் செல்; உயிரணு என்றும் கூறுவர். செடியின் செல்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியா. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் பத்து முதல் நூறு செல்கள் வரை அடங்கும். 1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ராபர்ட் ஹூக் என்பவர் தக்கையை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியில் பார்த்தபோது, தேன்கூடு போன்ற சிறு அறைகளைக் கண்டு அவற்றுக்கு இப்பெயரிட்டார். அவர் கண்டது மரப்பட்டையின் இறந்த செல்களை. பட்டையைப் பற்றிய இச்செய்தியைச் சற்று நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உயிருள்ள செடிச் செல்லில் முக்கியமாக ஐந்து பகுதிகள் உள்ளன.

1. செல்சுவர்: செல்லுக்கு உறுதி தரும் வெளிச்சுவர். இது செடிகளுக்கு உண்டு. ஆடு மாடுகளின் செல்லுக்கு இல்லை. செடி எலும்பின்றி நிமிர்ந்து நிற்பதற்கு இது முக்கிய காரணம்.

2. செல்சவ்வு: சுவரை ஒட்டி உள்ளே இருக்கும் மெல்லிய தோல். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்பதை இதுவே முறைப்படுத்துகிறது.

3. உட்கரு: செல்லின் வேலைகளை நடத்தும் பகுதி. பரம்பரைக் குணங்களைத் தாங்கிய குரோமோசோம்கள் இதனுள் உள்ளன. அராபிகா காப்பியின் செல்லில் 44 குரோமோசோம்களும் ரொபஸ்டாவின் செல்லில் 22-ம் உள்ளன.

4. பசுங்கணிகம்: இலைக்குப் பச்சை நிறம் தருவது. சூரிய ஒளியைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரை தயாரிக்கும் சமையலறை இதுவே.

5. நீர்க்குமிழ்: செல்லின் நடுவே நீர் நிறைந்த பை. இது நிறைந்திருந்தால் இலை விறைப்பாக நிற்கும். வற்றினால் இலை வாடித் தொங்கும்.

ஒரே வேலையைச் செய்யும் செல்கள் கூட்டமாகச் சேர்ந்தால் அது திசு. பல திசுக்கள் சேர்ந்தது உறுப்பு. வேர், தண்டு, இலை ஆகியவை உறுப்புகள்.

தண்டின் நான்கு அடுக்குகள்

கவாத்துச் செய்யும்போது வெட்டிப் போட்ட, பெருவிரல் கனமுள்ள காப்பிக் கிளை ஒன்றை எடுங்கள். அதைக் குறுக்கே சீராக வெட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே நான்கு அடுக்குகள் உண்டு.

முதல் அடுக்கு வெளிப்பட்டை. இது இறந்துபோன தக்கைச் செல்களால் ஆனது. செடிக்குப் போர்வையாக நின்று நீர் ஆவியாவதைத் தடுக்கிறது. வயதான தண்டில் இது வெடித்துச் செதில் செதிலாக உரியும். இது செத்த பகுதியாதலால், தேய்த்து எடுத்தால் செடிக்குக் கேடில்லை.

இரண்டாம் அடுக்கு உட்பட்டை. நகத்தால் கீறினால் பச்சையும் ஈரமுமாகத் தெரியும். இதில் புளோயம் என்னும் திசு உள்ளது. இலையில் தயாரான சர்க்கரை உணவை வேர், காய், நுனி ஆகிய இடங்களுக்கு எடுத்துச் செல்வது புளோயத்தின் வேலை. தண்டைச் சுற்றிலும் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போவது உங்களுக்குத் தெரியும். உணவு கீழே இறங்க வழியின்றி வேர் பட்டினியால் சாவதே அதற்குக் காரணம்.

மூன்றாம் அடுக்கு கேம்பியம். பட்டையைக் கட்டையிலிருந்து உரிக்கும்போது வழவழப்பாகக் கைக்குத் தட்டுப்படும் இடம் இது. தாள் போன்று மெல்லியதாயினும் செடி பருப்பது இதனால்தான். கேம்பியச் செல்கள் இரண்டாகப் பிரிந்து பிரிந்து, வெளிப்புறம் புதிய புளோயத்தையும் உட்புறம் புதிய சைலத்தையும் உண்டாக்குகின்றன. ஆரஞ்சுக் கன்றில் மொட்டுக் கட்டும்போது, இரு செடிகளின் கேம்பியமும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். பட்டை எளிதாகக் கழன்று வரும் பருவத்தில் மொட்டுக் கட்டச் சொல்வது, அப்போது கேம்பியம் சுறுசுறுப்பாக இருப்பதால்தான். வாழைக்கு இந்த அடுக்கே இல்லை. ஆகவே வாழையில் ஒட்டுக் கட்ட முடியாது.

நான்காம் அடுக்கு சைலம், அதாவது மரக்கட்டை. வேர் உறிஞ்சிய நீரையும் அதில் கரைந்த உரச்சத்துக்களையும் மேலே இலைக்குக் கொண்டு செல்லும் குழாய்கள் இவை. காசித்தும்பைச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கழுவி, சிவப்பு மை கலந்த நீரில் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால், தண்டில் சிவப்புக் கோடுகள் மேலேறுவதைக் காணலாம். அந்தக் கோடுகளே சைலம். பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள்.

சுருங்கச் சொன்னால், நீர் ஏறும் வழி சைலம். உணவு போகும் வழி புளோயம். இரண்டையும் படைப்பது கேம்பியம். மூன்றையும் காப்பது வெளிப்பட்டை.

தண்டு துளைப்பான் நுழையும் வழி

அராபிகா காப்பியின் முதல் எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான். 1860-களில் குடகு, வயநாடு பகுதிகளின் தோட்டங்களை இப்பூச்சி பெரிதும் அழித்தது. அதைப் பற்றி டாக்டர் பிடி என்பவர் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1869-ல் சென்னையில் வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தப் பூச்சி நம்மை விட்டபாடில்லை.

தாய் வண்டு ஆண்டில் இரு பருவங்களில் வெளிவருகிறது: ஏப்ரல்-மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுமுறை. வெயில் படும் தண்டுகளையே இது நாடும். முக்கியத் தண்டிலும் கனத்த பக்கக்கிளைகளிலும் உள்ள பட்டை வெடிப்புகளிலும், உரிந்து நிற்கும் செதில்களுக்கு அடியிலும் முட்டையிடும். சுமார் பத்து நாட்களில் முட்டை பொரிந்து புழு வரும்.

இனி அடுக்குகளை நினைவிற்கொண்டு படியுங்கள். இளம்புழு முதலில் பட்டைக்கு அடியிலேயே தின்று திரிகிறது. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் இப்படிக் கழியும். அப்போது சேதமடைவது பட்டைப் பகுதி. காயம்பட்ட இடத்தைச் செடி புதுச் செல்களால் மூட முயல்வதால், தண்டின்மேல் வரப்புப் போன்ற புடைப்புகள் தோன்றும். விரலால் தடவினாலே இவை தெரியும்.

அதன்பின் புழு கேம்பியத்தைக் கடந்து சைலத்தினுள் நுழைகிறது. கட்டையைக் குடைந்து செல்லும்போது, தான் கழித்த தூளைக்கொண்டே பின்னால் வழியை இறுக அடைத்துக்கொண்டு போகிறது. வெளியே ஓட்டையும் இல்லை, தூளும் கொட்டுவதில்லை. சுவருக்குள் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்ட திருடனைப் போன்றது இதன் நிலை. இந்நிலையில் தண்டின்மேல் எந்த மருந்தைத் தெளித்தாலும் புழுவை அடையாது. நீர்க்குழாய்கள் அறுபடுவதால் இலைகள் மஞ்சளித்து வாடுகின்றன. இளஞ்செடிகள் ஓராண்டில் பட்டுப்போகும்; வயதான செடிகள் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்து, விளைச்சல் குன்றி நிற்கும்.

ஆகவே நமக்குள்ள வாய்ப்பு, முட்டையிடுவதற்கு முன்னும், புழு பட்டையைக் கடந்து கட்டைக்குள் போவதற்கு முன்னும்தான். இலை மஞ்சளித்த பிறகு மருந்து தேடுவது காலம் கடந்த செயல்.

செய்ய வேண்டியவை

1. வண்டு பறக்கும் பருவத்துக்கு முன்னதாக, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், செடிக்குச் செடி தண்டைத் தடவிப் பாருங்கள். புடைப்பு உள்ள செடிகளை அடையாளமிட்டுத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்தில் துளை வேருக்குள் இறங்கியிருந்தால் செடியை வேரோடு அகற்ற வேண்டும்.

2. வெட்டிய தண்டுகளை விறகுக்கென்று வீட்டோரம் அடுக்கி வைக்காதீர்கள். உள்ளேயுள்ள புழு வளர்ந்து வண்டாகி, அங்கிருந்தே தோட்டத்துக்குப் பறந்து வரும். உடனே எரித்துவிட வேண்டும்.

3. நல்ல செடிகளின் முக்கியத் தண்டிலும் கனத்த கிளைகளிலும் உள்ள செதில்பட்டையைத் தென்னை நாராலோ தேங்காய் மட்டையாலோ தேய்த்து அகற்றுங்கள். வண்டுக்கு முட்டையிட வெடிப்பு இல்லாமற்போகும். கத்தி, அரிவாள் கொண்டு சுரண்டக்கூடாது. முதல் அடுக்கு இறந்த செல். இரண்டாம் அடுக்கு உயிருள்ளது. பச்சை தெரிந்தால் எல்லை மீறிவிட்டீர்கள் என்று பொருள்.

4. வண்டு பறக்கும் பருவத் தொடக்கத்தில் 200 லிட்டர் நீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு வீதம் கரைத்து, ஒட்டும் பசையும் சேர்த்து, தண்டிலும் கனத்த கிளைகளிலும் தெளிக்கலாம்.

5. நிழலைக் காப்பாற்றுங்கள். நிழல்மரம் விழுந்து வெயில் இறங்கும் இடங்களில்தான் தாக்குதல் மிகுதி. அத்தகைய இடங்களில் உடனே நிழல்மரக் கன்றுகளை நடவேண்டும்.

6. இனக்கவர்ச்சிப் பொறிகளையும் பயன்படுத்தலாம். பழைய நாளில் பரிந்துரைக்கப்பட்ட பி.எச்.சி., லிண்டேன் ஆகிய மருந்துகள் இன்று தடைசெய்யப்பட்டுள்ளன. எங்கேனும் கிடைத்தாலும் வாங்கக்கூடாது.

அண்டைத் தோட்டத்தில் புழுவேறிய செடி நின்றால் நம் தோட்டமும் தப்பாது. ஆகையால் இப்பணியை ஊர் உழவர்கள் ஒன்றுகூடி ஒரே காலத்தில் செய்வதே பயன் தரும்.

இலையும் அதன் துளைகளும்

இலையின் இருபுறமும் புறத்தோல் என்னும் ஒற்றை அடுக்குச் செல்கள் மூடியுள்ளன. அதன்மேல் மெழுகு பூசினாற்போன்ற படலம் உண்டு. மழைநீர் இலைமீது முத்தாக உருள்வது இதனால்தான். நடுவே பசுங்கணிகம் நிறைந்த செல்கள் உள்ளன. அவற்றுக்குக் காற்று வந்துபோகச் சிறு வாயில்கள் வேண்டும். அவையே இலைத்துளைகள். ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் உண்டு. இவை நீரால் உப்பினால் வாயில் திறக்கும்; தளர்ந்தால் மூடும்.

காப்பி இலையில் இத்துளைகள் அடிப்புறத்தில் மட்டுமே உள்ளன. இதை நீங்களே பார்க்கலாம். நல்ல சூடான நீரில் ஒரு காப்பி இலையை அமிழ்த்துங்கள். இலைக்குள் இருக்கும் காற்று விரிந்து, அடிப்புறத்திலிருந்து சிறு குமிழிகளாக வெளிவரும்.

இலைத்துரு நோயை உண்டாக்கும் பூசணத்துக்கும் இதுவே வாயில். அதன் வித்துக்கள் காற்றிலும் மழைச்சாரலிலும் பரவி இலையின் அடிப்புறத்தில் படிகின்றன. அங்கே நீர்ப்படலம் இருந்தால் முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே புகுந்து, செல்களிலிருந்து உணவை உறிஞ்சுகின்றன. முதலில் வெளிறிய மஞ்சள் புள்ளியும், பின்பு அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூளும் காணும். இலைகள் உதிர்ந்து கிளைகள் காயும். 1869-ல் இலங்கையில் தோன்றிய இந்நோய் அந்நாட்டின் காப்பித் தொழிலையே அழித்தது. காப்பி நின்ற மலைகளில் தேயிலை ஏறியது.

போர்டோ கலவை பூசணம் முளைப்பதைத் தடுக்கும் மருந்து. உள்ளே புகுந்துவிட்ட பூசணத்தை அது கொல்லாது. ஆகவே மழைக்கு முன்பே, இலையின் அடிப்புறம் நன்கு நனையுமாறு, தெளிப்பான் முனையை மேல்நோக்கிப் பிடித்துத் தெளிக்க வேண்டும். மேலிருந்து தெளித்தால் துளையே இல்லாத புறத்துக்கு மருந்தும் கூலியும் வீணாகும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மே-ஜூனிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் தெளிப்பது நலம்.

0.5 சதவீதக் கலவை தயாரிக்க, 1 கிலோ மயில்துத்தத்தை 100 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை வேறு 100 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்கவும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றி, மரக்கோலால் கலக்கவும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரங்களையே பயன்படுத்தவும். பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் சற்று நேரம் வைத்தெடுத்தால் செம்பு படியக்கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். கலவையை அன்றே தெளித்து முடிக்கவும்.

வேரும் உரமும்

இளவேரின் நுனிக்குச் சற்றுப் பின்னால் மெல்லிய தூவிகள் உள்ளன. இவை வேர்த்தூவிகள். ஒவ்வொரு தூவியும் ஒரே செல்லின் நீட்சி. நீரும் உரமும் உள்ளே செல்வது பெரும்பாலும் இவ்வழியாகவே. காப்பியின் உணவுறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணில் ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்குள் படர்ந்துள்ளன. அதனால் செடியருகே ஆழமாகக் கொத்தக்கூடாது; சருகு மூடாக்கைக் கலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

நறுக்கிய மாங்காயில் உப்பிட்டால் அது நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு மிகுந்த பக்கத்துக்குச் செல்சவ்வு வழியே நீர் வெளியேறுவதே அதற்குக் காரணம். காய்ந்த மண்ணில் உரத்தைத் தண்டின் அடியில் குவித்தால் வேர்த்தூவிக்கும் இதே கதிதான். உறிஞ்ச வேண்டிய வேர், உள்ள நீரையும் இழந்து கருகும். எனவே மண்ணில் ஈரம் இருக்கும்போது, தண்டிலிருந்து விலகி, கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் உரத்தைப் பரப்பி மண்ணோடு கலக்க வேண்டும்.

நினைவிற்கொள்ள வேண்டிய சொற்கள்

செல்: உடலின் மிகச் சிறிய உயிருள்ள அறை.
திசு: ஒரே வேலை செய்யும் செல்களின் கூட்டம்.
தக்கை: வெளிப்பட்டையின் இறந்த செல்கள், வண்டு முட்டையிடும் இடம்.
புளோயம்: உணவு செல்லும் வழி, உட்பட்டையில் உள்ளது.
கேம்பியம்: புதுச் செல்களைப் படைக்கும் மெல்லிய அடுக்கு, இதைக் கடந்த புழுவுக்கு மருந்து எட்டாது.
சைலம்: நீர் ஏறும் வழி; மரக்கட்டை.
இலைத்துளை: இலையின் மூச்சு வாயில், காப்பியில் அடிப்புறம் மட்டும் உள்ளது.
வேர்த்தூவி: நீரும் உரமும் உறிஞ்சும் செல்.

அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது ஒரு கைக்கத்தியையும் பள்ளி செல்லும் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கவாத்துக் கிளையை வெட்டி நான்கு அடுக்குகளையும் காட்டச் சொல்லுங்கள். பிறகு இருவருமாகச் செடிகளின் தண்டைத் தடவிப் பாருங்கள். ஐயம் ஏற்படும் செடியின் தண்டுத் துண்டை நெகிழிப் பையில் இறுகக் கட்டி, ஏற்காட்டிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ காப்பி வாரிய விரிவாக்க அலுவலர்களிடமோ காட்டி, தக்க அறிவுரை பெற்றுப் பயனடையலாம்.